மத்திய அமெரிக்கக் கிராமங்களில் பிள்ளைகளின் படிப்பு: தொண்டு நிறுவனங்கள் என்னதான் செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு குவாத்தமாலா, ஹோண்டுராஸ் என்ற பெயர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வந்து சேரும். ஒன்று காபிப் பொட்டலம். இன்னொன்று, பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் கடிதம்: “விடுமுறையில் குவாத்தமாலாவுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறோம், கட்டணம் இவ்வளவு.” அந்தக் கடிதம் வந்ததும் எழும் கேள்விகளுக்கும், மாதாமாதம் ஏதாவது அனுப்பலாமா என்று யோசிப்பவர்களின் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். குவாத்தமாலாவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். கிராமக் கல்வியின் எல்லாச் சிக்கலும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருப்பது அங்கேதான்.

மத்திய அமெரிக்கா என்றால் எந்தெந்த நாடுகள்? எல்லா இடத்திலும் ஒரே நிலைமைதானா?

பெலிஸ், குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிகா, பனாமா என ஏழு நாடுகள். நிலைமை நாட்டுக்கு நாடு வேறு. கோஸ்டா ரிகா 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்டுப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செலவழித்த நாடு. அங்கே பின்தங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் எல்லையோரப் பழங்குடிப் பிள்ளைகளும், கூலிக்கு வந்துபோகும் குடும்பங்களின் பிள்ளைகளும். குவாத்தமாலா 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போரில் கிடந்தது. ஐ.நா. துணையோடு நடந்த உண்மை அறியும் ஆணையத்தின் கணக்கில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா என்ற பழங்குடி மக்கள். கிராமத்து ஆசிரியராக இருப்பதே உயிருக்கு ஆபத்தான வேலையாக இருந்த காலம் அது. எல் சால்வடாரிலும் 1980 முதல் 1992 வரை போர். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அரசுப் பள்ளி இருக்கிறது, அதுவும் இலவசம் என்கிறார்களே. அப்புறம் தொண்டு நிறுவனத்துக்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. குவாத்தமாலாவில் ஆறு வருடத் தொடக்கக் கல்வி இலவசம்தான். பெரும்பாலான கிராமங்களில் ஏதோ ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. குறை வேறு இடத்தில். ஒரே ஆசிரியர் ஆறு வகுப்பையும் பார்ப்பார். அவர் பேசும் மொழி பிள்ளைகளின் வீட்டு மொழியாக இருக்காது. கையில் புத்தகம் இருக்காது. ஆறாவது முடித்தால் அடுத்த பள்ளி பல மைல் தள்ளி இருக்கும். கல்விக்கு அரசு செலவழிப்பது நாட்டு வருமானத்தில் சுமார் 3 சதவீதம். அதில் மிகப் பெரும் பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. புத்தகம், ஆசிரியர் பயிற்சி, நடுநிலைப் படிப்புக்கு உதவித்தொகை என்று மிஞ்சி நிற்கும் இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் நுழைகின்றன.

பள்ளிக் கட்டடம் கட்டிக் கொடுப்பது நல்ல காரியம்தானே?

தேவைப்படும் ஊரில் நல்ல காரியம்தான். 2020 நவம்பரில் ஏட்டா, அயோட்டா என்று இரண்டு புயல்கள் இரண்டே வாரத்தில் அடித்தபோது ஹோண்டுராசிலும் குவாத்தமாலாவிலும் எத்தனையோ வகுப்பறைகள் சேற்றில் மூழ்கின. அங்கே கட்டடம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் நன்கொடையாளர்களுக்குக் கட்டடத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு, படம் எடுக்கலாம். ஆசிரியருக்கு மூன்று வருடம் பயிற்சி கொடுத்ததைப் படம் பிடிப்பது கஷ்டம்.

பாட்டில் பள்ளிக்கூடம் ஒரு சுவாரசியமான கதை. குவாத்தமாலாவின் பாஹா வெராபாஸ் மாகாணத்தில் கிரனாதோஸ் என்ற ஊரில் பாதியில் நின்றுபோன ஒரு பள்ளிக் கட்டடம் இருந்தது. 2009இல் அங்கிருந்த ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்க அரசின் தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த லாரா கட்னரும் ஊர்மக்களும் அதற்குச் சுவர் எழுப்பினார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் மிட்டாய்த் தாள், சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் போட்டுக் குச்சியால் குத்திக் குத்தி இறுக்கமாக அடைக்க வேண்டும். இரண்டு கோழிவலைக்கு நடுவே அந்தப் பாட்டில்களை அடுக்கி, மேலே சிமெண்ட் பூசினால் சுவர் தயார். பாரம் தாங்குவது கட்டடத்தின் சட்டகம்தான், பாட்டில் இடைவெளியை நிரப்புகிறது, அவ்வளவே. பிள்ளைகள் தெருத்தெருவாகக் குப்பை பொறுக்கி வந்து அடைத்ததில் ஊரே சுத்தமானது. பிறகு ‘ஹக் இட் ஃபார்வர்டு’ போன்ற அமைப்புகள் இதே முறையில் பல ஊர்களில் கட்டின. இதில் எனக்குப் பிடித்தது பாட்டில் அல்ல, ஊர்க்காரர்களின் உழைப்பு உள்ளே போயிருப்பது. அப்படிப்பட்ட கட்டடத்தின் கூரை ஒழுகினால் யாராவது ஏணி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

கட்டடத் திட்டத்துக்குப் பணம் கேட்டால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: ஆசிரியரை நியமித்துச் சம்பளம் கொடுக்க அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறதா? இல்லையென்றால் அது பூட்டிய கட்டடமாகக் கிடக்கும் வாய்ப்பு அதிகம்.

எல்லோரும் ஸ்பானிஷ்தானே பேசுகிறார்கள்? மொழி எப்படிப் பிரச்சினையாகும்?

குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22. கிச்சே, கெக்சி, மாம், கக்சிகேல் நான்கும் பெரியவை. இவை தவிர, மாயா அல்லாத சின்கா, கரீஃபுனா மொழிகளும் உண்டு. மலைக் கிராமத்தில் பிறந்த குழந்தை ஆறேழு வயது வரை வீட்டில் கெக்சி மட்டும் கேட்டு வளர்ந்துவிட்டு, பள்ளியின் முதல் நாள் ஸ்பானிஷில் எழுத்து படிக்க உட்காரும். முதல் வகுப்பில் தோற்று மறுபடி அதே வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் அங்கே வெகுகாலமாக அதிகம். காரணம் பிள்ளையின் மூளை என்று பழி போட்டதும் வெகுகாலம்.

1987இல் மாயா மொழிகளுக்கு ஒருங்கிணைந்த எழுத்துமுறை வகுக்கப்பட்டது. 1995இல் கல்வி அமைச்சகத்தில் இருமொழிக் கல்விக்குத் தனி இயக்குநரகம் வந்தது. 2003இல் தேசிய மொழிகள் சட்டம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் மாம் பேசும் ஆசிரியருக்குக் கிச்சே ஊரில் பணியிடம் கிடைக்கும், ஆசிரியரும் பிள்ளைகளும் ஸ்பானிஷில் தடுமாறுவார்கள்.

தொண்டு நிறுவனங்கள் இங்கே செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாதது: தாய்மொழியில் கதைப் புத்தகம் அச்சிடுவது, உள்ளூர் ஆசிரியர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுதப் பழக்குவது. பேச்சு சரளமாக வரும், எழுதியதே கிடையாது என்ற ஆசிரியர்கள் நிறைய. கணக்கிலும் ஒரு நல்ல வழி உண்டு. மாயா எண்முறை இருபதை அடியாகக் கொண்டது. புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி வடிவம் என்றால் பூஜ்யம். தரையில் விதையையும் குச்சியையும் வைத்தே கூட்டலும் இடமதிப்பும் சொல்லிக்கொடுத்துவிடலாம். பாட்டன் காலத்து அறிவு வகுப்பறைக்குள் வருவதைப் பார்த்துப் பெற்றோருக்கும் பள்ளியின் மேல் ஒட்டுதல் வரும்.

ஒரே ஆசிரியர், ஆறு வகுப்பு. இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இதற்கு அந்தப் பக்கத்திலேயே பிறந்த விடை ‘எஸ்குவேலா நுவேவா’. 1970களின் நடுவில் கொலம்பியாவில் விக்கி கோல்பெர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய முறை. குவாத்தமாலாவுக்கு வந்தபோது ‘நுவேவா எஸ்குவேலா உனித்தாரியா’ என்று பெயர் பெற்றது.

ஆசிரியர் கரும்பலகை முன்னால் நின்று எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்துவதில்லை. பிள்ளைகள் சின்னச் சின்னக் குழுவாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, படிப்படியாக வழிகாட்டும் பயிற்சிநூலைத் தாங்களே செய்துகொண்டு போவார்கள். அறுவடைக்குப் போய்விட்டுத் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வருடம் வீணாகாது. வருகைப் பதிவுத்தாள் சுவரில் தொங்கும், அவரவர் பெயருக்கு நேரே அவரவரே குறித்துக்கொள்வார்கள். பிள்ளைகளே தேர்தல் வைத்துத் தலைவர், தோட்டக் குழு, நூலகக் குழு என்று அமைப்பார்கள்.

‘பயண நோட்டு’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். தினம் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அந்த நோட்டு போகும். அந்த வீட்டுக் கதையோ பாட்டோ கைவைத்தியமோ அதில் எழுதப்பட்டுத் திரும்பும். எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுவாள். செலவு ஒரு நோட்டு. ஆசிரியருக்கு ஊரைப் பற்றி இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

இந்த முறை சொதப்பும் இடமும் உண்டு. பயிற்சிநூல் தீர்ந்துபோய் மறுபடி அச்சிடப் பணம் வராவிட்டால், ஆசிரியர் பழையபடி கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிடுவார்.

புத்தகம் கொடுத்தால் போதாதா?

எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் யாரோ கழித்துக்கட்டிய ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்புவது நன்கொடை இல்லை, குப்பை ஏற்றுமதி.

‘கோஆப்பரேட்டிவ் ஃபார் எஜுகேஷன்’ என்ற அமைப்பு 1996இல் தொடங்கியது. குவாத்தமாலாவில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பாடப்புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கிறது. குடும்பம் ஒரு சிறு தொகை கட்டும், அது பள்ளியின் சுழல் நிதியில் சேரும். சுமார் ஐந்து வருடத்தில் புத்தகங்கள் கிழியும்போது அதே நிதியில் புதியவை வாங்கிக்கொள்ளலாம். ஏழைகளிடம் காசு வாங்குவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இலவசமாக வந்த புத்தகம் தீர்ந்ததும் கதை முடிந்த ஊர்கள் ஏராளம், அதனால் எனக்கு இந்த ஏற்பாடு சரியென்றே படுகிறது. கட்ட முடியாத வீட்டுக்கு விலக்கு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரீக்கன் அறக்கட்டளையின் சமூக நூலகங்கள் ஹோண்டுராசிலும் குவாத்தமாலாவிலும் இருக்கின்றன. ஊரார் தேர்ந்தெடுத்த குழு நடத்தும், நூலகர் சம்பளத்தை நகராட்சியிடமிருந்து பெறுவதற்கு முயல்வார்கள். அலமாரி பூட்டப்படாது, பிள்ளைகள் தாங்களே எடுத்துப் பார்க்கலாம்.

ஆறாவது முடித்த பிறகு என்ன ஆகிறது?

பள்ளத்தில் விழுவது அங்கேதான். குவாத்தமாலாவில் உரிய வயதில் நடுநிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய பாதிப் பேர். கிராமத்துப் பெண் பிள்ளைகளில் அதைவிடக் குறைவு. பஸ் காசு, சீருடை, தங்கும் செலவு என்று ஒவ்வொன்றாகச் சேரும், பன்னிரண்டு வயதுப் பெண்ணை அடுத்த ஊருக்கு அனுப்ப வீட்டில் பயமும் சேரும்.

ஹோண்டுராசின் வடக்குக் கரையில் கரீஃபுனா கிராமங்களில் ‘சாத்’ என்ற முறை நடக்கிறது. கொலம்பியாவில் ஃபுண்டாயெக் என்ற நிறுவனம் உருவாக்கியது. ஹோண்டுராசில் பயான் சங்கம் 1990களில் கொண்டுவந்தது. பாடத்துக்கொரு ஆசிரியர் கிடையாது. ஊரிலோ பக்கத்திலோ இருக்கும் ஒரு பயிற்றுநர் அதே குழுவுக்கு எல்லாப் பாடமும் நடத்துவார். கணக்கும் அறிவியலும் ஊர்த் தோட்டத்தோடும் ஊர் வேலையோடும் பின்னியிருக்கும். 2015இல் வெளியான ஆய்வு ஒன்று சாத் பிள்ளைகளையும் பக்கத்து ஊர்களின் வழக்கமான நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் இரண்டு வருட இடைவெளியில் சோதித்து ஒப்பிட்டது. சாத் பிள்ளைகளின் கற்றல் வேகம் சுமார் 45 சதவீதம் கூடுதல். தொலைதூர ஊருக்கு மட்டமான மாற்று என்று நினைக்கப்பட்டது வழக்கமான பள்ளியை மிஞ்சியது.

வானொலி இன்னொரு வழி. குவாத்தமாலாவில் 1979இல் தொடங்கிய ‘இஹேர்’ நிறுவனத்தின் பாடம் வானொலியில் வரும், அச்சிட்ட புத்தகம் கையில் இருக்கும், வாரம் ஒருமுறை தன்னார்வ வழிகாட்டியோடு குழு கூடும். சான்றிதழ் அரசு அங்கீகாரம் பெற்றது. பகலில் சோளக் கொல்லையில் நிற்பவருக்கு இது தோதானது.

பெண்களுக்கென்றே குவாத்தமாலாவின் சொலோலாவில் ‘மாயா’ என்ற பெயருள்ள தொண்டு அமைப்பின் பள்ளி 2017இல் திறந்தது. ரியோ துல்சே ஆற்றோரம் படகில் மட்டுமே போகக்கூடிய கெக்சி ஊர்களுக்காக 1992இல் உருவான ‘அக் தெனமித்’ உறைவிடப் பள்ளி நடத்துகிறது. சுற்றுலாப் பிரிவு மாணவர்கள் லிவிங்ஸ்டன் நகரில் அமைப்பின் உணவகத்தில் பரிமாறி, கணக்குப் பார்த்துத் தொழில் பழகுகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

இதற்கு உலகத்திலேயே தெளிவான பதில் குவாத்தமாலாவிலிருந்துதான் வந்தது. 1969 முதல் 1977 வரை, ‘இன்காப்’ என்ற ஊட்டச்சத்து நிறுவனம் கிழக்கு குவாத்தமாலாவில் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஊரில் ‘அத்தோலே’ என்ற புரதக் கஞ்சி, மற்ற இரண்டில் ‘ஃப்ரெஸ்கோ’ என்ற புரதம் இல்லாத பானம். யாரும் எவ்வளவும் குடிக்கலாம். பிறகு அந்தக் குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்தவர்கள் வாசிப்புத் தேர்வில் முன்னே நின்றார்கள். பெண்கள் ஒரு வகுப்புக்கும் அதிகமாகக் கூடுதலாகப் படித்திருந்தார்கள். முதல் இரண்டு வயதுக்குள் குடித்த ஆண்களின் மணிக்கூலி 46 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அப்படியிருந்தும் 2014–15 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலேயே அதிகம். ஆகவே கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் உணவு கொடுக்கும் திட்டத்தை “இது கல்வி இல்லையே” என்று ஒதுக்காதீர்கள்.

பள்ளி உணவுக்கு 2017இல் சட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 4 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்) என்று தொடங்கி, தொடக்கப் பள்ளிகளில் பிறகு 6 ஆனது. பணம் பெற்றோர் சங்கத்தின் கணக்குக்கு வரும், அவர்கள் உள்ளூர் விவசாயிகளிடம் ஒரு பங்கு வாங்க வேண்டும். சமைப்பது தாய்மார்கள், முறை வைத்து, கூலி இல்லாமல். அந்த உழைப்பை எந்தக் கணக்கிலும் காணோம்.

காபி பறிக்கும் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்களா?

குவாத்தமாலாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது, அறுவடையின் பெரும்பகுதி விடுமுறையில் விழும். ஆனால் உயரமான தோட்டங்களில் பறிப்பு ஜனவரி தாண்டியும் ஓடும், குடும்பத்தோடு போன பிள்ளை தாமதமாகத்தான் வரும். கோஸ்டா ரிகாவின் கோத்தோ புருஸ் பகுதியில், பனாமாவிலிருந்து பறிக்க வரும் ஙாபே பழங்குடிக் குடும்பங்களுக்காக ‘மகிழ்ச்சி இல்லங்கள்’ நடக்கின்றன. தாய் தோட்டத்தில் இருக்கும் நேரம் குழந்தைக்குச் சாப்பாடு, பாட்டு, பாதுகாப்பு. அரசு, யுனிசெஃப், காபித் துறை, தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்வது.

பள்ளியை ஊர்க்காரர்களே நடத்தினால் என்ன?

முயன்று பார்த்தார்கள். எல் சால்வடாரில் போரின்போது ஆசிரியர் இல்லாத ஊர்களில் மக்களே நடத்திய பள்ளிகளை அடிப்படையாக வைத்து 1991இல் ‘எதுகோ’ திட்டம் வந்தது. பெற்றோர் சங்கமே ஆசிரியரை நியமித்துச் சம்பளம் கொடுத்தது. ஆசிரியர் மட்டம் போடுவது குறைந்தது. ஆனால் வேலை நிரந்தரமில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, பிறகு வந்த அரசு திட்டத்தை முடித்தது. குவாத்தமாலாவில் இதே மாதிரி நடந்த ‘ப்ரோனாதே’ திட்டமும் அப்படியே போனது. ஹோண்டுராசின் ‘ப்ரோஹேகோ’ என்ற இதே வகைத் திட்டம் கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் வாசலாகிவிட்டது என்று புகார். பெற்றோருக்குப் பள்ளியில் அதிகாரம் வேண்டும், ஆனால் ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பைப் பலி கொடுத்து அதை வாங்கினால் நிலைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிகரகுவாவில் இப்போது உதவ முடியுமா?

மிகவும் கடினம். 1980இல் சுமார் 60,000 இளைஞர்கள் ஐந்து மாதம் விவசாயிகளின் வீடுகளில் தங்கி எழுத்தறிவித்த நாடு அது. 2018க்குப் பிறகு அங்கே ஆயிரக்கணக்கான அமைப்புகளின் பதிவு ரத்தாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் மட்டும் 1,500. நிகரகுவாவுக்கு என்று யாராவது பணம் கேட்டால், இன்றைய தேதியில் அங்கே சட்டப்படி பதிவு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அமெரிக்க அரசு உதவி நின்றுவிட்டதாமே?

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025இல் கலைக்கப்பட்டது. தொடக்க வகுப்பு வாசிப்பு, ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு அதன் பணத்தை நம்பியிருந்த அமைப்புகளுக்குப் பெரிய அடி. தனிநபர் நன்கொடை அந்த ஓட்டையை அடைக்காது, தொகை அப்படி.

ஒரு குழந்தையைத் தத்து எடுப்பது போல மாதாமாதம் பணம் அனுப்பும் திட்டங்கள் பயன் தருமா?

நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன், ஆனால் ஆதாரம் சாதகமாக இருக்கிறது. ‘கம்பாஷன் இன்டர்நேஷனல்’ அமைப்பின் திட்டத்தைக் குவாத்தமாலா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, ஆதரவு பெற்ற பிள்ளைகள் ஒன்று முதல் ஒன்றரை வருடம் வரை கூடுதலாகப் படித்ததாகச் சொல்கிறது. அது மதம் சார்ந்த அமைப்பு, அது உங்களுக்குச் சம்மதமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேறு பல அமைப்புகளில் உங்கள் பணம் அந்தக் குழந்தையின் கைக்குப் போகாது, ஊர்த் திட்டத்தில் சேரும். அதில் தப்பில்லை, ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பை வந்தால் மற்றதுகளுக்கு எப்படி இருக்கும்?

என் மகளை அந்தச் சேவைப் பயணத்துக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், அவளுக்கு நல்லது. ஊருக்கு நல்லதா என்பது வேறு விஷயம். சிமெண்ட் கலக்கத் தெரிந்த கொத்தனார்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை கூலி வேலை. பயணக் கட்டணத்தில் எவ்வளவு ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். சிறு பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்க்காத ஏற்பாடாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். மகளுக்கு ஸ்பானிஷ் பழக ஆசையென்றால் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, கெட்சால்தெனாங்கோ நகரங்களில் நல்ல மொழிப் பள்ளிகள் இருக்கின்றன, மாணவராகப் போய் உள்ளூர் ஆசிரியருக்குக் கட்டணம் கட்டுவது கௌரவமான வழி.

பணம் அனுப்புவதென்றால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

அமெரிக்காவில் பதிவான தொண்டு நிறுவனங்கள் வருமான வரித்துறைக்குத் தரும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும், ‘ப்ரோபப்ளிகா’ தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதே நல்ல அமைப்பு என்று நினைக்காதீர்கள், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஆட்களின் சம்பளம் வீண்செலவு இல்லை. நான் பார்ப்பது வேறு: முடிவெடுக்கும் இடத்தில் உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்களா, பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து எண்ணை வெளியிடுகிறார்களா, எத்தனை வருடத்தில் எதை அரசிடமோ ஊரிடமோ ஒப்படைக்கப் போகிறோம் என்று சொல்கிறார்களா.

இந்தியாவிலிருந்து அனுப்ப முடியுமா?

முடியும். இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளமய பணம் அனுப்பும் திட்டத்தின் (எல்ஆர்எஸ்) கீழ் வெளிநாட்டு நன்கொடைக்கு அனுமதி உண்டு, வங்கியில் நோக்கத்தைக் குறிப்பிட வேண்டும். 80ஜி வரிவிலக்கு கிடைக்காது. சிறு தொகையென்றால் வங்கிக் கட்டணமே கணிசமாகத் தின்றுவிடும், அதனால் மாதாமாதம் அனுப்புவதைவிட வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள். ரசீதில் திட்டத்தின் பெயர் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.